பிடிபட்ட நாளின் இரவு

வளரிளம் பருவத்தில் போதைப் பழக்கமும் தற்கொலை எண்ணமும் சேர்ந்தே வருகின்றன என்பதை இன்று மறுப்பார் இல்லை. ஆனால் அவை எந்த இடத்தில் சேர்கின்றன என்ற கேள்விக்குப் பாடநூல் தரும் விடையும், ஆனைமலை வட்டாரத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் உளநல ஆலோசனைப் பணி செய்த அனுபவம் தரும் விடையும் முழுக்க ஒத்துப்போவதில்லை. போதைப்பொருள் மூளையின் வேதிச் சமநிலையைக் குலைத்து மனச்சோர்வை வளர்க்கிறது, மனச்சோர்வு சாவைப் பற்றிய நினைப்பைக் கொண்டுவருகிறது என்று பாடநூல் ஒரு நேர்கோட்டை வரைகிறது, அக்கோடு பொய்யன்று. எனினும் ஆலோசனை அறைக்கு வந்துசேர்ந்த பையன்களின் கதைகளைப் பின்னோக்கி அவிழ்த்துப் பார்த்தால், அவர்கள் மிகுந்த ஆபத்தில் இருந்த பொழுது பொருளைப் பயன்படுத்திய பொழுதாக இருந்ததைக் காட்டிலும், அது பள்ளியிலோ வீட்டிலோ பிடிபட்ட நாளின் இரவாக இருந்ததே மிகுதி. இங்குக் குறிக்கப்படும் நிகழ்வுகளில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் அனைத்தும் நீக்கப்பட்டுள்ளன.

1990-களின் நடுவில் இப்பணி தொடங்கியபோது, தற்கொலை முயற்சி என்ற சொல்லே மருத்துவமனைப் பதிவேடுகளில் அரிதாகத்தான் காணப்பட்டது. அதன் இடத்தில் 'தீராத வயிற்று வலி' இருந்தது. செய்தித்தாள்களும் காவல்நிலையங்களும் வீட்டாரும் ஒருசேர ஏற்றுக்கொண்டிருந்த காரணம் அது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்ததால், பிழைத்துவந்த பையனைச் சுற்றி நின்ற உறவினர், 'தெரியாம குடிச்சுப்போட்டானுங்க, மருந்துன்னு நெனச்சு' என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மறுநாளே சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டு அழைத்துச் சென்றுவிடுவர். காரணமே மறைக்கப்பட்ட இடத்தில் காரணத்தின் காரணமான போதையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 115-ஆம் பிரிவின் மூலம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், அவரைத் தண்டிக்கக்கூடாது, அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை என்று மாற்றியது. பழைய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இடம்பெறவே இல்லை. சட்டம் மாறியபின் வயிற்று வலி குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை.

பதிவேடுகளின் பிழை இத்துடன் முடிவதில்லை. குடிநோய் மீட்பு மையத்தின் படிவத்தில் என்ன பொருள், எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் என்ற கட்டங்கள் இருக்கும். சாக நினைத்ததுண்டா என்ற கட்டம் இராது. தற்கொலைத் தடுப்புப் பணியின் படிவத்தில் கடன், காதல், தேர்வு, குடும்பத் தகராறு ஆகியவை இருக்கும். பொருள் பற்றிய கேள்வி, இருந்தாலும், 'பழக்கங்கள்' என்ற தலைப்பின்கீழ் வெற்றிலைபாக்கோடு சேர்ந்து நிற்கும். தமிழகத்தில் இவ்விரு பணிகளும் வெவ்வேறு தாய்வீடுகளில் பிறந்தவை: 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை குடிநோய் மீட்பின் முன்னோடி. 1986-இல் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா தற்கொலைத் தடுப்பின் முன்னோடி. மாவட்டங்களுக்கு இப்பணிகள் பரவியபோது பிரிவினையும் சேர்ந்தே பரவியது. இரண்டு வாசல்களிலும் வந்து நின்றவன் பெரும்பாலும் ஒரே பையன்தான் என்பதை உணர இக்கட்டுரையாளருக்கே ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன.

ஆனைமலையின் நிலவியலும் இதில் சேரும். மேற்கே சில கல் தொலைவில் பாலக்காடு மாவட்டம். அங்குச் சித்தூர்ப் பக்கம் கள்ளுக்கடைகள் சட்டப்படி திறந்திருக்க, இப்பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே 1987 முதல் கள் இறக்கத் தடை. தோப்புக்கூலியும் தென்னைநார் ஆலை வேலையும் பதினைந்து வயதுப் பையனின் கையிலும் வாரக்கூலியைக் கொண்டுவந்துவிடும். 1990-களில் அப்பையன்கள் தொட்டவை பீடி, புகையிலைத்தூள், அப்பன் மிச்சம் வைத்த குப்பி ஆகியவைதாம். 2003 இறுதியில் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் ஏற்றபின், இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்ற விதி பலகையில் இருந்தது. ஆனால் பெரியவர் ஒருவர் வாங்கிக்கொடுப்பதை எந்தப் பலகையும் தடுக்கவில்லை. அதன்பின் சில ஆண்டுகள் பள்ளிப்பையில் எழுத்தழிப்பான் திரவமும் பஞ்சர்க்கடைப் பசையும் வந்தன. முகரும் பொருட்கள் என்று மருத்துவம் அழைக்கும் இவ்வகை, இளையோருக்கே உரிய போதை என்பது கணக்கிலும் தெரிந்தது: அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில், வளர்ந்தோரைவிடச் சிறார்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட ஒரே பொருள் வகை இதுவே, வளர்ந்தோரில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுவரை உள்ளோரில் 1.17 சதவீதம்.

குட்கா, பான் மசாலா ஆகியவற்றுக்கு 2013-இல் தமிழக அரசு விதித்த தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு, 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டு, சில மாதங்களில் உச்சநீதிமன்ற இடைக்காலத் தடையால் மீண்டும் நிலைபெற்றது. இந்தச் சட்டப் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான், உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே அடக்கிக்கொள்ளும் சிறு பொதிப் புகையிலையான 'கூல் லிப்' எட்டாம் வகுப்புவரை இறங்கிவந்தது. புகை இல்லை, வாடை இல்லை, துப்பவேண்டியதும் இல்லை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாய்க்குள் வேலை நடக்கும். 2024-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவர்களிடையே இது பரவியிருப்பதைச் சுட்டி, நாடு முழுவதும் ஏன் தடைசெய்யக்கூடாது என்று கேட்டது. அதே காலத்தில் கல்லூரி வாசலைத் தொட்ட வயதினரிடம் கஞ்சாவும், மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத வலிநிவாரணி மாத்திரைகளும் கோவையிலிருந்து பேருந்தேறி வந்தன. ஒவ்வொரு புதுப் பொருளும் வரும்போது ஊர் அதைப் பார்த்து அஞ்சியது. ஆலோசனை அறையிலோ பொருளின் பெயர் மாறியதே தவிர, பையனின் முகம் அதிகம் மாறவில்லை.

பொருளுக்கும் எண்ணத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆய்வுகளில் நடைமுறைப் பணிக்கு மிகவும் பயன்பட்டது, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கப்ரியெல்லா கோபியும் பிறரும் 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதாவது தனித்தனியே நடந்த ஆய்வுகளின் எண்களை ஒன்றுசேர்த்து எடைபோடும் ஆய்வு. பதினொரு ஆய்வுகளில் இடம்பெற்ற 23,000-க்கும் மேற்பட்டோரை அது கணக்கில் கொண்டது. வளரிளம் பருவத்தில் கஞ்சா பயன்படுத்தியோருக்கு இளமையில் தற்கொலை எண்ணம் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தற்கொலை முயற்சிக்கான வாய்ப்போ மூன்றரை மடங்குக்கு அருகில். முயற்சி குறித்த எண்ணின் ஐயவீச்சு அகலமானது, இவை காரணத்தை மெய்ப்பிக்கும் எண்களும் அல்ல. ஆயினும் இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் களப்பணியாளருக்கு அவற்றின் இடைவெளிதான் கண்ணில் படுகிறது. எண்ணம் சற்றே கூடுகிறது. எண்ணத்திலிருந்து செயலுக்குத் தாவுவது பன்மடங்கு கூடுகிறது. 'செத்துப்போனாத் தேவலை' என்று அலுப்பில் சொல்வதற்கும், எப்படி என்று யோசிப்பதற்கும், நாள் குறிப்பதற்கும் நடுவே மனிதருக்கு இயல்பாக உள்ள தொலைவைப் போதை சுருக்கிவிடுகிறது.

அத்தொலைவு எவ்வாறு சுருங்குகிறது என்பதை 1990-இல் ஸ்டீல், ஜோசப்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் மதுவை முன்வைத்து விளக்கினர். அவர்கள் கருத்தைத் தமிழில் 'மதுக் குறும்பார்வை' எனலாம்: போதையில் இருப்பவனுக்கு மூக்குக்கு முன்னால் இருப்பது மட்டுமே தெரியும், நாளையும் மறுநாளும், தன்மீது உயிரை வைத்திருப்பவரின் முகமும் மங்கிவிடும். மூக்குக்கு முன்னால் ஒரு பாட்டு இருந்தால் ஆடுவான். ஒரு அவமானம் இருந்தால் அதுவே உலகம் முழுவதையும் மறைத்துக்கொள்ளும். உந்துதலை அடக்கி ஆளும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பது என்பதால், வளரிளையோருக்கு இக்குறும்பார்வை போதையில்லாமலே பாதி இருக்கிறது. போதை இறங்கும் நேரமும் அவ்வாறே கொடியது. தொடர்ந்து பயன்படுத்திய பொருள் திடீரென நின்றால் உடலும் மனமும் காட்டும் எதிர்வினை விலகல் அறிகுறி எனப்படும். உறக்கமின்மை, எரிச்சல், காரணம் புரியாத அழுகை, எல்லாம் முடிந்துவிட்டது என்ற உணர்வு ஆகியவை அதில் அடங்கும். மாத்திரைப் பழக்கத்திலிருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவனை, திருந்தட்டும் என்று தோட்டத்துச் சாளைவீட்டில் அடைத்து வெளியே பூட்டிவைத்த குடும்பம் ஒன்று, அவன் மூன்றாம் நாள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டபோதுதான் உதவி தேடி வந்தது. அது பிடிவாதம் என்றே அவர்கள் கருதியிருந்தனர். மருத்துவரின் மேற்பார்வையில் கடக்கவேண்டிய நாட்கள் அவை என்பதைச் சொல்ல ஒருவரும் அவர்களுக்கு வாய்த்திருக்கவில்லை.

இனிப் பிடிபட்ட நாளுக்கு வரலாம். பள்ளியில் பொதி ஒன்று சட்டைப்பையில் கண்டெடுக்கப்படுகிறது. பெற்றோர் அழைக்கப்படுகின்றனர், கொங்கு நாட்டில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அப்பன் தனியாக வருவதில்லை, சித்தப்பனும் மாமனும் உடன் வருவர். அனைவர் முன்னிலையிலும் பையன் நிறுத்தப்படுகிறான். மாற்றுச் சான்றிதழ் தரப்படும் என்ற எச்சரிக்கை, வண்டியில் திரும்பும் வழி முழுக்கப் பேச்சின்மை, வீட்டில் அடி, அதன்பின் 'எம் மூஞ்சீல முழிக்காதே' என்ற ஒரு வாக்கியம். சாதிசனத்தில் தலைகாட்ட முடியாதபடி செய்துவிட்டான் என்று கூடத்தில் பேசுவது உள்ளறையில் கேட்கும். இரவு பத்து மணிக்கு வீடு அடங்கும். பையன் மட்டும் விழித்திருப்பான். எல்லோரும் சினந்து ஓய்ந்தபின் அவனுடன் பேச ஒருவரும் இல்லாத அந்த நான்கைந்து மணி நேரத்தைப் பற்றித்தான் பிழைத்தவர்கள் பின்னாளில் ஒரே குரலில் சொன்னார்கள். அவ்வேளையில் அவர்களுள் பலருக்குப் போதையே இல்லை. பிடிபட்டதால் அதுவும் பறிக்கப்பட்டிருந்தது. துன்பத்தைத் தாங்க அவர்களுக்குத் தெரிந்திருந்த ஒரே மோசமான கைத்தடியும் அதுதான்.

இது ஆனைமலையின் தனிச்சொத்தும் அன்று. இறந்தவரின் வீட்டாரையும் நண்பரையும் ஆசிரியரையும் விரிவாகக் கேட்டு அவர் கடைசி நாட்களை மீட்டெழுதும் முறைக்கு உளவியல் பிணக்கூறாய்வு என்று பெயர். அம்முறையில் 1980-களிலும் 1990-களிலும் நியூயார்க்கில் டேவிட் ஷாஃபரும் பிட்ஸ்பர்கில் டேவிட் பிரெண்டும் தத்தம் குழுவினரோடு இளையோர் இறப்புகளை ஆராய்ந்தபோது, பையன்களிடம் போதைப் பழக்கமும், பள்ளி ஒழுங்கு நடவடிக்கை, காவல்துறைச் சிக்கல் போன்ற அண்மை நெருக்கடியும் திரும்பத் திரும்பத் தென்பட்டன. அந்நாட்டு ஆய்வுக்கூடத்தில் நெருக்கடி என்று பதிவானதற்கு இந்நாட்டில் மானம் என்று பெயர், அவ்வளவே வேறுபாடு. இவ்விடத்தில் சட்டத்தையும் நினைவூட்டவேண்டியுள்ளது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 77-ஆம் பிரிவு, சிறாருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழாண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. சட்டத்தின் விரல் விற்றவனை நோக்கி நீள்கிறது. ஊரின் விரலோ வாங்கிய பதினான்கு வயதுப் பையனை நோக்கியே நீள்கிறது. விற்ற பெட்டிக்கடைக்காரர் மறுவாரமும் கடை திறந்திருக்கிறார்.

பள்ளி ஒன்றில் ஒருமுறை இதற்கு நேர்மாறானதும் நடந்தது. அங்கிருந்த உடற்கல்வி ஆசிரியர், பையில் பொதி அகப்பட்ட பையனைத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பாமல், மைதானத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, 'எத்தனை நாளா கண்ணு?' என்று மட்டும் கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை, அழுதான். அப்பன் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பதும், அந்நேரத்தில் உறக்கம் வராததும், பொதியை வைத்துக்கொண்டால் நெஞ்சு படபடப்புக் குறைவதாகத் தோன்றியதும் அரைமணி நேரத்தில் வெளிவந்தன. பெற்றோருக்குச் சொல்லவேண்டிய கடமையை அவர் தட்டிக்கழிக்கவும் இல்லை. மறுநாள் தாயை மட்டும் வரவழைத்து, பையனையும் அருகில் வைத்துக்கொண்டு, அவனையே சொல்லவைத்தார். ஆலோசனைப் பயிற்சி எதையும் அவர் பெற்றவர் அல்லர். பயிற்சி பெற்ற பலருக்கும் கைவராத ஒழுங்கு அவரிடம் இருந்தது: முதலில் கேட்டார், பிறகே முடிவெடுத்தார்.

கேட்பது என்பதிலும் நெடுங்காலம் ஒரு மூடநம்பிக்கை இருந்தது. சாக நினைத்தாயா என்று வெளிப்படையாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று ஆசிரியரும் செவிலியரும், தொடக்க ஆண்டுகளில் இக்கட்டுரையாளரும் அஞ்சியதுண்டு. ஆய்வுகள் அவ்வச்சத்தைப் பொய்யாக்கியிருக்கின்றன. நேரடியாகக் கேட்பது எண்ணத்தைக் கூட்டுவதில்லை, பலருக்கு அது பாரம் இறங்கிய உணர்வையே தருகிறது. கேட்கும் முறையில் மட்டும் பக்குவம் வேண்டும். தற்கொலை என்ற எழுத்துச்சொல்லைப் போட்டுக் கேட்டால் பையன் 'அதெல்லாம் இல்லீங்க சார்' என்று மூடிக்கொள்வான். 'இப்படியெல்லாம் ஆகும்போது, இருந்து என்ன பண்றதுன்னு தோணியிருக்குமே?' என்று கேட்டால், சிறிது நேரம் தரையைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பான்.

பெண் பிள்ளைகள் போதைக்காக அழைத்துவரப்படுவது இவ்வட்டாரத்தில் மிக அரிது. அவர்கள் தற்கொலை முயற்சியின் வாசல் வழியாகவே வந்தனர். கதையில் போதை இருந்தது, அருந்தியவர் தந்தை. படிவத்தின் 'பழக்கங்கள்' கட்டம் அவர்கள் பெயருக்கு எதிரே காலியாக இருக்கும், அந்தக் காலி இடமே தவறான தகவல்.

எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலான தொலைவு பற்றிச் சொன்னது, வேளாண் ஊரில் இன்னொரு பொருளையும் பெறுகிறது. தோப்புவீடுகளில் பூச்சிக்கொல்லி கையெட்டும் இடத்தில் இருக்கும்வரை, பத்து நிமிட நினைப்பாலும் உயிர் போகும் ஆபத்து உண்டு. இலங்கையில் 1995-ஐ ஒட்டி இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தைத் தொட்ட தற்கொலை வீதம், மிகு நச்சுப் பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் பத்தாண்டுகளில் பாதியாகக் குறைந்தது. அங்கே துயரம் பாதியானதாக எவரும் சொல்லவில்லை. கடலூர் மாவட்டக் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில் லட்சுமி விஜயகுமார் குழுவினர், உழவர்கள் தம் பூச்சிமருந்துகளை வீட்டில் வைக்காமல் பொதுவிடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்துபார்த்ததிலும் பயன் தெரிந்தது. ஆனைமலையில் இதை வீடுவீடாகச் சொன்னபோது முதலில் கிடைத்த மறுமொழி, 'எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க' என்பது. 'பையனுக்காக இல்லீங்க, விளையாடுற சின்னக் குழந்தைக்காகப் பூட்டி வையுங்க' என்று மாற்றிச் சொன்னபின் பூட்டுகள் வந்தன.

உயிர் காப்பதில் இதைவிட எளிய கருவியும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றவர்க்கு அதனுடன் ஒரு மணி நேர உரையாடலும் பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரிப்பும் அளிக்கப்பட்டன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருக்க, நலம் விசாரிக்கப்பட்டோரில் அது 0.2 சதவீதமாக இருந்தது. பெரும் செலவில்லாத, மருந்தில்லாத இம்முறையை ஆனைமலையில் பின்பற்றத் தேவைப்பட்டவை ஒரு நாட்காட்டியும் தொலைபேசியும்தான். முன்பு அழைப்பதற்கு ஊர் மளிகைக்கடை எண் ஒன்றே இருந்தது. இன்று பையனின் கைப்பேசிக்கே பேசலாம், மாநிலத்தின் 104, மனநலத்துக்கான 14416 ஆகிய எண்களை அவன் நள்ளிரவிலும் அழைக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-இல் தமிழகத்தில் தற்கொலையால் இறந்தோர் 19,834 பேர், இலட்சத்துக்கு 25.9, நாட்டின் சராசரி 12.4. உதவி எண்கள் இருந்தும் அழைக்காத பையனை நாம்தான் அழைக்கவேண்டியிருக்கிறது.

பிடிபட்ட இரவின் முக்கியம் தெளிவானபின், இக்கட்டுரையாளரின் பதிவேட்டில் கையால் கோடிழுத்துக் கட்டம் ஒன்று சேர்க்கப்பட்டது. 'இன்றிரவு பக்கத்தில் படுப்பவர்' என்பது அதன் தலைப்பு. அக்கட்டம் நிரம்பாமல் பையனை வீட்டுக்கு அனுப்புவதில்லை என்பது விதி. அப்பன் பெயர் அதில் அரிதாகவே வரும். அவருக்குச் சினம் தணிய இரண்டு நாளாகும். அம்மா என்று எழுதினால், அவர் இரவு முழுக்க அழுது பையனின் பாரத்தைக் கூட்டிவிடுவாரோ என்று பார்க்கவேண்டும். பழைய ஏடுகளைப் புரட்டினால் அந்தக் கட்டத்தில் மிகுதியாகக் காணப்படுபவர் அம்மாவைப் பெற்ற அம்மிச்சியும் அப்புச்சியும்தான். அவர்களுக்குக் கூல் லிப் என்றால் என்னவென்று தெரியாது. 'ராத்திரி முழுக்க என்ன பேசறதுங்க?' என்று கேட்டவர்களுக்கு, ஒன்றும் பேசவேண்டாம், விளக்கை அணைக்காமல் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டது.